உள்மதில்களின் வரலாறு: ஓப்பன்பிஎஸ்டியும் தில்லிக்கு ஒரு பாடமும்

2022 நவம்பர் 23 அன்று தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் வழங்கிகள் முடங்கின. வெளிநோயாளர் பதிவு, உள்நோயாளர் சேர்க்கை, பரிசோதனை முடிவுகள் எனக் கணினியை நம்பியிருந்த பணிகள் யாவும் கையெழுத்துக்குத் திரும்பின. அந்நிலை நாள்கணக்கில் நீடித்தது. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணயம் கேட்கும் ‘ரான்சம்வேர்’ வகைத் தாக்குதல் அது. ஐந்து வழங்கிகள் பாதிக்கப்பட்டன, ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு மறையாக்கப்பட்டது, வலையமைப்பு முறையாகப் பகுக்கப்படாமையே காரணம் என்று அரசு பின்னர் நாடாளுமன்றத்தில் விளக்கியது.

‘வலையமைப்பு முறையாகப் பகுக்கப்படாமை’ என்னும் இந்தச் சொற்றொடர் ஒரு தொழில்நுட்பக் குறிப்பாக வாசிக்கப்பட்டு விரைவில் மறக்கப்பட்டது. அதற்குப் பின்னால் ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டு வரலாறு இருக்கிறது. கணினி வலையமைப்புகளுக்கு மதில் எழுப்பும் கலை எப்படித் தோன்றியது, அம்மதிலை எங்கே எழுப்ப வேண்டும் என்பதில் என்ன பிழை நேர்ந்தது, சிறிய நிறுவனங்களும் தமக்கான மதிலைத் தாமே கட்டிக்கொள்ளும் வாய்ப்பு எவ்வாறு பிறந்தது ஆகிய மூன்றையும் இப்பதிவில் தொடர்ந்து பார்க்கலாம். வரலாறும் சமூகவியலும் பயிலும் மாணவர்களை மனத்தில் கொண்டே எழுதுகிறேன்; கணினியியலில் முன்னறிவு தேவையில்லை.

முதலில் சொல்லின் வரலாறு. ‘ஃபயர்வால்’ என்பதைத் தமிழில் தீச்சுவர் என்கிறோம். கணினிக்கு வருமுன் இச்சொல் கட்டடக் கலையில் வழங்கியது. ஒரு பகுதியில் பற்றிய தீ அடுத்த பகுதிக்குத் தாவாதபடி இடையில் எழுப்பும் சுவருக்கு அப்பெயர். ஆகவே தீச்சுவர் என்பது இயல்பில் ஓர் இடைச்சுவர். கட்டடத்தைச் சூழ்ந்து நிற்கும் மதிற்சுவருக்கு அப்பெயர் இல்லை. கணினி உலகம் சொல்லைக் கடன் வாங்கியபோது இந்தப் பொருளை நழுவவிட்டது. நிறுவனத்துக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கும் ஒற்றை வாயிற்காவலுக்கே தீச்சுவர் என்ற பெயர் நிலைத்தது.

அந்த நழுவலுக்குக் காலச் சூழல் ஒரு காரணம். 1988 நவம்பர் 2 அன்று ராபர்ட் மாரிஸ் என்ற கார்னெல் பல்கலைக்கழக மாணவர் வெளியிட்ட ஒரு புழுநிரல், அன்றைய இணையத்தின் ஆயிரக்கணக்கான கணினிகளைத் திணறடித்தது. அதுவரை இணையம் ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்களின் கிராமம் போன்றிருந்தது. புழுவுக்குப் பின் வாயிலில் காவல் வைக்கும் எண்ணம் வலுப்பெற்றது. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் ஜெஃப்ரி மோகல் 1989-இல் பொதிகளை வடிகட்டும் முறையைக் கட்டுரையாக்கினார். பெல் ஆய்வகத்தின் பில் செஸ்விக் தம் நிறுவனத்துக்கு அமைத்த வாயிலைப் பற்றி 1990-இல் எழுதினார். தாம் கட்டிய காவலின் குறையையும் அக்கட்டுரையிலேயே அவர் ஒளிக்காமல் சொன்னார்: வெளியோடு கடினமானது, உள்ளே இருப்பதோ மென்மையானது. ஓட்டை உடைத்தவனுக்கு உள்ளே தடையில்லை என்பதே அதன் பொருள். தீச்சுவர் பிறந்தபோதே அதன் நோயும் கண்டறியப்பட்டுவிட்டது.

இந்தியாவில் கணினி வலையமைப்பு தொடங்கியதும் அதே பத்தாண்டில்தான். மத்திய அரசின் மின்னணுத் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் 1986-இல் எர்னெட் என்னும் கல்வி ஆய்வு வலையமைப்பைத் தொடங்கியது. தில்லி, பம்பாய், கான்பூர், கரக்பூர், சென்னை ஆகிய ஐந்து ஐஐடிகள், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், பம்பாயின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், தில்லியிலிருந்த மின்னணுத் துறை என எட்டு இடங்கள் அதில் இணைந்தன. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிடும் வரை, இந்தியாவில் இணையம் என்பது பெரும்பாலும் கல்வியாளர்களின் முற்றமாகவே இருந்தது.

அந்த முற்றத்தின் நெறி நம்பிக்கை. உள்ளே இருப்பவர் யாவரும் நம்மவர். தடை வேண்டுமென்றால் தெருவாயிலில் வைத்தால் போதும். எய்ம்ஸ் வலையமைப்பு எர்னெட்டின் நேர் வாரிசு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பல்கலைக்கழகங்களும் மருத்துவமனைகளும் அரசு அலுவலகங்களும் பின்னாளில் ஆயிரக்கணக்கான கணினிகளைச் சேர்த்துக்கொண்டபோது, அந்தப் பழைய நம்பிக்கையையும் சேர்த்தே வளர்த்தன என்பதைப் பல வளாகங்களில் காணலாம். கட்டண அலுவலகக் கணினியும், விடுதி மாணவரின் மடிக்கணினியும், தேர்வு மதிப்பெண் வழங்கியும் ஒரே தளத்தில், ஒன்றையொன்று நேரே அணுகும்படி இருக்கின்றன.

இங்கே ஓர் எளிய உண்மையைச் சொல்லியாக வேண்டும். தீச்சுவர் தன் வழியே கடந்து செல்வதை மட்டுமே தடுக்க இயலும். ஒரே சுவிட்சில், ஒரே பகுதியில் இருக்கும் இரு கணினிகள் பேசிக்கொள்ளும்போது அந்தப் பேச்சு தீச்சுவரை எட்டுவதே இல்லை. வாயிலில் எவ்வளவு விலையுயர்ந்த பெட்டியை நிறுத்தினாலும், உள்ளே நுழைந்துவிட்ட தீநிரல் அறை அறையாகப் பரவுவதை அது காணாது. ஆகவே மதிலின் உயரத்தைவிட மதில்களின் எண்ணிக்கையும் இடமும் முக்கியம். எண்ணிக்கை கூட வேண்டுமானால், மதில் மலிவாகவும் சிறிதாகவும், கட்டுபவர் படித்துப் புரிந்துகொள்ளக் கூடியதாகவும் இருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் ஓப்பன்பிஎஸ்டி நம் கதைக்குள் வருகிறது.

ஓப்பன்பிஎஸ்டி பெர்க்லி யூனிக்ஸ் மரபில் வந்த ஓர் இயங்குதளம். அதன் தோற்றம் ஒரு பிணக்கில் நிகழ்ந்தது. நெட்பிஎஸ்டி திட்டத்தை நிறுவியவர்களுள் ஒருவரான தியோ டி ராட், சக பங்களிப்பாளர்களோடு ஏற்பட்ட மோதலால் 1994 இறுதியில் அதிலிருந்து வெளியேற நேர்ந்தது. 1995 அக்டோபரில், கனடாவின் கால்கரி நகரிலிருந்து, அவர் தனிக் கிளையாக ஓப்பன்பிஎஸ்டியைத் தொடங்கினார். மூலநிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் எவரும் அன்றன்றே பார்க்கும்படி களஞ்சியத்தைத் திறந்துவைத்தது, அக்காலத்துக்குப் புதிய வழக்கம். அமெரிக்கா வலுவான மறையாக்க மென்பொருளின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியிருந்த காலம் அது. கனடாவில் இருந்ததால் அத்தடைக்கு ஆட்படாமல் மறையாக்கத்தை இயங்குதளத்திலேயே சேர்த்து உலகுக்கு வழங்க அவர்களால் முடிந்தது.

1996-இல் அவர்கள் தொடங்கிய பணி ஒன்று ஆவண ஆய்வாளர்களுக்கு நெருக்கமானது. ஒரு சிறு குழு மூலநிரலைக் கோப்பு கோப்பாக, வரி வரியாகப் படித்தது. பாதுகாப்பு ஓட்டையைத் தேடுவதோடு நிற்காமல் எல்லாப் பிழைகளையும் தேடினார்கள். ஒருவகைப் பிழை ஓரிடத்தில் அகப்பட்டால், அதே வகை வேறெங்கெல்லாம் இருக்கிறது என்று முழு நிரலையும் அலசினார்கள். சுவடியில் ஓர் எழுத்துப் பிழையைக் கண்ட பதிப்பாசிரியர், அதே ஏட்டெழுத்தர் எழுதிய மற்ற ஏடுகளையும் எடுத்துப் பார்ப்பது போன்ற வேலை இது. கையேட்டில் உள்ள பிழையையும் நிரலின் பிழைக்கு நிகராகவே அவர்கள் மதித்தனர். 1999-இல் அதே குழு உருவாக்கிய ஓப்பன்எஸ்எஸ்எச் இன்று உலகின் வழங்கிகளில் பெரும்பாலானவற்றின் தொலைநுழைவுக் கதவாக இருக்கிறது.

ஓப்பன்பிஎஸ்டியின் முதல் தீச்சுவர் அவர்களுடையது அன்று. ஆஸ்திரேலியரான டேரன் ரீட் எழுதிய ஐபிஃபில்டரையே அவர்கள் பயன்படுத்தினர். 2001 மே மாதத்தில், தம் நிரலைத் திருத்தி வெளியிடத் தம் இசைவு வேண்டும் என்று ரீட் உரிமத்துக்கு விளக்கம் தந்தார். நிரலைப் படிக்கலாம், பயன்படுத்தலாம், ஆனால் விருப்பப்படி திருத்திப் பகிர இயலாது என்பது இதன் விளைவு. ஒரு சில நாள்களிலேயே ஐபிஃபில்டர் ஓப்பன்பிஎஸ்டியிலிருந்து நீக்கப்பட்டது. பாதுகாப்பைத் தன் அடையாளமாகக் கொண்ட ஓர் இயங்குதளம், உரிமத்தின் பொருட்டுத் தன் தீச்சுவரையே இழந்து நின்றது.

அந்த வெற்றிடத்தில் டேனியல் ஹார்ட்மையர் என்ற ஸ்விட்சர்லாந்துக்காரர் புதிதாக ஒரு பொதிவடிகட்டியை எழுதினார். 2001 ஜூன் 24 அன்று அது களஞ்சியத்தில் சேர்ந்தது. டிசம்பர் 1 அன்று வெளியான ஓப்பன்பிஎஸ்டி 3.0-இல் உலகுக்குக் கிடைத்தது. அதன் பெயர் பிஎஃப். ‘பொதிவடிகட்டி’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம், வேறு அலங்காரம் இல்லை. எவரும் எடுத்துத் திருத்தலாம் என்ற உரிமத்துடன் வந்ததால் அது பரவியது. ஃப்ரீபிஎஸ்டி அதை ஏற்றது. அதன் மேல் 2004-இல் தொடங்கிய பிஎஃப்சென்ஸ் என்ற தீச்சுவர்த் தொகுப்பு எழுந்தது. ஆப்பிளின் மேக் இயங்குதளத்துக்குள்ளும் பிஎஃப் நுழைந்தது. மதில் மலிந்ததற்கு அதன் உரிமமும் காரணம் என்பதை வரலாற்று மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

இனி அதன் இயக்கம். பழைய மேசைக் கணினி ஒன்று, அதில் மூன்று வலையட்டைகள். இவை நேரு பிளேஸ் கடைகளில் பெரிய செலவின்றிக் கிடைப்பவை. முதல் அட்டை இணையத்தை நோக்கியது, இரண்டாவது துறையின் கணினிகளை, மூன்றாவது வழங்கிகளை. நிறுவியவுடன் ஓப்பன்பிஎஸ்டி ஒரு பக்கத்துப் பொதியை மறுபக்கம் கடத்தாது. அந்த வசதி அணைத்தே வைக்கப்பட்டிருக்கும், நிர்வாகிதான் திறக்க வேண்டும். பிறகு விதிக் கோப்பு. அது சாதாரண எழுத்துக் கோப்பு. சிறிய துறைக்கு ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.

விதிகள் மேலிருந்து கீழாக வாசிக்கப்படும். பொருந்தும் விதிகளுள் கடைசியானதே செல்லும். ‘உடனே’ என்ற பொருள்படும் ஒரு சொல்லை விதியில் சேர்த்தால் மட்டும் வாசிப்பு அங்கேயே நிற்கும். இதில் ஒரு நுட்பம் உண்டு. எந்த விதியும் பொருந்தாத பொதியைப் பிஎஃப் கடந்துபோகவே விடும். ஆகவே ‘எல்லாவற்றையும் தடு’ என்ற முதல் வரியை மனிதர்தான் எழுத வேண்டும். அதன் கீழ் விதிவிலக்குகள் வரும்: துறைக் கணினிகள் இணையத்துக்குச் செல்லலாம், அவை வழங்கியின் வலைப்பக்கத்தை மட்டும் அணுகலாம், வழங்கிக்குள் நிர்வாக நுழைவு ஒரேயொரு கணினியிலிருந்து, வழங்கி தானாகத் துறைக் கணினிகளைத் தொடர்புகொள்ள அனுமதி இல்லை. அனுமதிக்கப்பட்ட உரையாடல் ஒன்று தொடங்கியதும் பிஎஃப் அதை நினைவில் குறித்துக்கொண்டு, அதற்குரிய மறுமொழிகளைத் தனிவிதி இன்றியே உள்ளே விடும்.

கடைசி விதிவிலக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வழங்கி தாக்குண்டாலும் அங்கிருந்து தீ அடுத்த அறைக்குத் தாவ வழியில்லை. நான்காவதாக ஓர் அட்டையைச் சேர்த்து, காப்புப் பிரதிகளைத் தனிப் பகுதியில் வைத்து, பிரதி எடுக்கும் கணினியே வழங்கியிடம் சென்று தரவை எடுத்துவரும்படியும் வழங்கி அதனை அணுக இயலாதபடியும் செய்தால், மூலமும் பிரதியும் ஒரே நாளில் பூட்டப்படும் அபாயம் குறைகிறது. எய்ம்ஸ் விளக்கத்தில் ‘பகுக்கப்படாமை’ என்று சொல்லப்பட்டதன் மறுதலை இதுவே.

இதன் எல்லைகளையும் கூற வேண்டும். பிஎஃப் முகவரியையும் தொடர்பின் வகையையும் பார்க்கிறது. மறையாக்கப்பட்ட பொதிக்குள் இருப்பதைப் பார்ப்பதில்லை. மின்னஞ்சலில் வரும் நச்சு இணைப்பை ஊழியர் திறப்பதை அது தடுக்காது. ஓப்பன்பிஎஸ்டியும் குறையற்றது அன்று. இயல்புநிலை நிறுவலில் தொலைவிலிருந்து ஊடுருவத்தக்க ஓட்டைகள் இரண்டு கண்டறியப்பட்டதை அத்திட்டமே தன் முகப்பில் அறிவித்துக்கொள்கிறது. முதலாவது 2002-இலும் இரண்டாவது 2007-இலும் வெளிப்பட்டன. தில்லிக்குரிய நடைமுறைச் சிக்கலும் உண்டு. மின்சாரம் திடீரென நின்றால், மீண்டும் எழும்போது அது தன் கோப்பு முறைமையைச் சரிபார்க்க நேரம் எடுத்துக்கொள்ளும்; யுபிஎஸ் இல்லாமல் இதை வைப்பது அறிவுடைமை ஆகாது. ஓப்பன்பிஎஸ்டி ஒன்று வாயிலில் இருந்திருந்தால் எய்ம்ஸ் தப்பியிருக்கும் என்று எவரும் சொன்னால் நம்ப வேண்டாம். பல்லாயிரம் கணினிகள் கொண்ட நிறுவனத்தைப் பகுப்பது ஆண்டுக்கணக்கான வேலை.

சட்டமும் இப்போது வாயிலுக்கு வந்திருக்கிறது. கணினிப் பாதுகாப்புக்கான தேசிய அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று ஆணைகளை வெளியிட்டது. பாதுகாப்பு நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவேடுகளை 180 நாள் பேண வேண்டும். கணினிக் கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு இணக்க வேண்டும். அவ்வாய்வகம் தில்லியில் உள்ளது. தமிழகத்தின் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் அதன் முதல் இயக்குநர். பிஎஃப் தான் தடுத்தவற்றைப் பதிவேட்டில் எழுதவல்லது. ஓப்பன்பிஎஸ்டியில் நேர ஒத்திசைவு நிரலும் உடன் வருகிறது. ஆணை பிறந்து ஏழு மாதத்தில் எய்ம்ஸ் முடங்கியது என்பது, ஆணைக்கும் அமைப்புக்கும் இடையிலான தொலைவைக் காட்டுகிறது. நிகழ்ந்ததைத் தெரிவிப்பதற்கும் பதிவதற்கும் ஆணை போதும். பகுப்பதற்கு ஆள் வேண்டும்.

தில்லியின் மண்ணில் இதற்கு ஒரு பழைய ஒப்புமை உண்டு. 1857 செப்டம்பர் 14 அன்று ஆங்கிலப் படை காஷ்மீரி வாயிலை வெடிவைத்துத் தகர்த்து ஷாஜகானாபாத்துக்குள் நுழைந்தது. மதில் அன்றே உடைந்தது. ஆனால் செங்கோட்டை அவர்கள் வசமானது 20-ஆம் நாள்தான். அந்த ஆறு நாளும் சந்து சந்தாக, வீடு வீடாகப் போர் நடந்தது. படைத் தலைவர் ஜான் நிக்கல்சன் படுகாயமுற்றது, மதிலைக் கடந்தபின் உள்ளே ஒரு குறுகிய சந்தில். அந்நகரின் மொஹல்லாக்களுக்கும் கட்ராக்களுக்கும் இரவில் அடைக்கும் தனித்தனி வாயில்கள் இருந்தன. புறமதிலை மட்டும் நம்பி அந்நகரம் கட்டப்படவில்லை. ஒப்புமையை மிகைப்படுத்த விரும்பவில்லை. இறுதியில் நகரம் வீழ்ந்தது, அதன் மக்கள் பெருந்துயருற்றனர். எனினும் உட்பகுப்பு எதிரிக்கு நாள்களை விலையாக வைக்கிறது என்பது அங்கே தெளிவு. கணினிப் பாதுகாப்பிலும் நாம் ஈட்ட முயல்வது அந்தக் கால அவகாசத்தையே.

வணிக நிறுவனங்கள் விற்கும் தீச்சுவர்ப் பெட்டிகள் பல செய்கின்றன. பொதியின் உள்ளடக்கத்தையும் ஆராய்கின்றன, பழுதானால் தொலைபேசியில் ஆள் கிடைப்பார். பெரிய நிறுவனத்துக்கு அவை வேண்டும். ஆனால் அவற்றின் விலையும் ஆண்டு உரிமக் கட்டணமும், ஒன்றுக்கு மேல் வாங்குவதைச் சிறிய கல்லூரிக்கோ துறைக்கோ எட்டாததாக்குகின்றன. ஒன்று மட்டும் வாங்கினால் அது வாயிலுக்குப் போய்விடும். உள்ளே பழையபடியே மென்மை. ஓப்பன்பிஎஸ்டி போன்றவற்றின் பயன் இந்த இடைவெளியில் இருக்கிறது.

பல்கலைக்கழகங்களில் இன்னோர் இடரும் உண்டு. ஆர்வமுள்ள ஓர் ஆய்வு மாணவர் இத்தகைய பெட்டியை அமைக்கிறார், பட்டம் பெற்றுச் செல்கிறார், பெட்டி மேசைக்கடியில் தூசியோடு ஓடிக்கொண்டிருக்கிறது, புதுப்பிப்பவர் இல்லை. பராமரிப்பற்ற மதில், மதில் இருக்கிறது என்ற பொய்யான நிம்மதியைத் தருவதால், மதிலின்மையைவிடத் தீயது. ஓப்பன்பிஎஸ்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய வெளியீடு தருகிறது. அண்மைய இரு வெளியீடுகளுக்கே பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். ஆக, ஆண்டுக்கு ஒருமுறையேனும் யாராவது அப்பெட்டியின் முன் அமர்ந்தாக வேண்டும். விதிக் கோப்பு ஒரு பக்கத்தில், குறிப்புரையோடு இருந்தால், அடுத்து வரும் மாணவர் ஒரு மாலையில் அதைப் படித்துப் பொறுப்பேற்க முடியும்.

இப்பொதுமதிலைக் காப்பவர்களின் நிலையும் எளிதன்று. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான தார்ப்பா தந்துவந்த நிதி 2003-இல் நிறுத்தப்பட்டது. 2014 ஜனவரியில், தம் கணினிகளுக்கான மின்கட்டணத்தைச் செலுத்தவே பணமின்றி அவர்கள் பொதுவில் வேண்டுகோள் விடுத்தனர். பிறகு கொடையாளர்களால் அந்நெருக்கடி தீர்ந்தது. உலகெங்கும் உள்ள பெருநிறுவனங்கள் ஓப்பன்எஸ்எஸ்எச்சை நாள்தோறும் பயன்படுத்திக்கொண்டிருந்த ஆண்டு அது. இந்திய அரசு 2015-இல் திறமூல மென்பொருள் ஏற்புக் கொள்கையை வெளியிட்டது. ஏற்பது பாதி வேலை. ஏற்றதைப் பேணும் ஆள்களை உருவாக்குவது மறுபாதி. ஏரியில் நீர் பாய்ச்சிக்கொள்ளும் ஊர் குடிமராமத்துக்கும் ஆள் அனுப்ப வேண்டும் என்ற நெறி நமக்குப் புதிதன்று.

எனவே மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் துறையின் வலையமைப்பு வரைபடத்தைக் கேட்டுப் பாருங்கள். எந்தக் கணினி எதனோடு பேசுகிறது, எது எதனோடு பேசத் தேவையில்லை, காப்புப் பிரதி எந்தப் பகுதியில் இருக்கிறது, விதிகளைக் கடைசியாகப் படித்தவர் யார், எப்போது? வரைபடமே இல்லை என்ற விடை கிடைத்தால், நீங்களே ஒன்றை வரையத் தொடங்குங்கள். முதல் உள்மதில் எங்கே வேண்டும் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.